டீக்கன் பிடியை விடவில்லை

டீக்கன் உங்கள் பூட்ஸ் மேல் தலையை வைத்துப் படுத்துவிட்டான். கனமாக இருந்தால் காலை இழுத்துக்கொள்ளுங்கள், தம்பி, கோபித்துக்கொள்ள மாட்டான். குட்டியாக இருந்தபோதே வெள்ளை மூஞ்சி. யாரைப் பார்த்தாலும் பாவம் செய்தவனைப் பார்ப்பது போல ஒரு பார்வை. அதனால்தான் சர்ச் மூப்பரைக் கூப்பிடுவதுபோல டீக்கன் என்று பெயர் வைத்தோம். வைத்தவன் என் கூட்டாளி ராய்ஸ். காப்பியை ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள். ஆறிப்போனால் நான் போட்ட காப்பியை நானே தொடமாட்டேன்.

நீங்கள் ஷெரிஃப் ஆபீஸிலிருந்து வந்தது வேலி விஷயமாக. என் நாய்கள் மறுபடியும் தன் பைன் தோப்புக்குள் புகுந்துவிட்டன என்று கெச்சம் புகார் கொடுத்திருக்கிறார். புகுந்தது உண்மைதான், எழுதிக்கொள்ளுங்கள். பன்றி வாசனை பிடித்த நாய்க்கு வேலி ஏது, எல்லை ஏது. அதெல்லாம் தெரியவேண்டியது நாயை அவிழ்ப்பவனுக்கு. எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் அவிழ்த்தேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் வேறொன்று. உள்ளே வந்ததும் இவன் காதைச் சொறிந்துகொண்டே, "ராய்ஸ் செத்தப்ப பிடிய விட்ட நாய் இதுதானா?" என்று கேட்டீர்கள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, எனக்குத் தெரியும். உங்கள் அப்பாவும் மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் பேசுகிறவர்தான். ஊரே இப்படித்தான் கேட்கிறது. தீவனக் கடையில் நிற்கும்போது, இந்த நாயை இன்னுமா சுட்டுப் போடாமல் வைத்திருக்கிறாய் என்கிறார்கள். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவேன். இன்றைக்கு ஆட்ட முடியவில்லை. நீங்கள் அப்படிக் கேட்கும்போது இவன் உங்கள் கையை நக்கிக்கொண்டிருந்தான்.

டீக்கன் பிடியை விடவில்லை. பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட விட்டதில்லை. இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

விஷயம் புரிய வேண்டுமானால் நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். காட்டுப்பன்றியை முட்டாள் என்று நினைப்பவன் அதைத் தட்டில் மட்டும் பார்த்தவன். ஒரு நிலத்தில் வாராவாரம் நாய் ஓட்டினால், அதாவது நாயை அவிழ்த்துவிட்டு வேட்டையாடினால், அது அங்கே தங்காது. கூட்டம் உடைந்து அடுத்தவர் நிலத்துக்குப் போய்விடும். இல்லையென்றால் பகல் முழுக்க ஆற்றோரத்து முட்புதரில் செத்ததுபோலக் கிடந்துவிட்டு, ஆள் அடங்கிய பிறகு கிளம்பும். நாய்கள் முகர்ந்து முகர்ந்து சலித்துப்போகும். வயல் மட்டும் விடியும்போது உழுது போட்டதுபோலக் கிடக்கும். எத்தனை தடவை நாய் விடுகிறோம், எவ்வளவு சத்தம் போடுகிறோம், எவ்வளவு வாசனையை விட்டுவிட்டு வருகிறோம், இதையெல்லாம் சேர்த்து நாங்கள் நெருக்குதல் என்போம். டல்லாஸிலிருந்து ஹெலிகாப்டரில் வந்து சுடுகிற கனவான்களுக்கு இது புரியாது. ஒரே நாளில் ஆற்றுப்படுகையையே கலக்கிவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்தப் பருவம் முழுக்க அங்கே ஒரு வாலைக்கூடப் பார்க்கமுடியாது.

நான் காற்று முகத்தில் அடிக்கிற பக்கமாக உள்ளே போவேன். இரண்டு மூன்று நாய்களுக்கு மேல் அவிழ்க்கமாட்டேன். பன்றியைப் பிடித்தோமா, நாய்களைச் சேர்த்துக்கொண்டு வெளியே வந்தோமா, அவ்வளவுதான். பிறகு அந்த நிலத்துக்கு ஓய்வு. எவ்வளவு ஓய்வு என்பது தண்ணீரைப் பொறுத்தது, அந்த வருஷம் ஓக் மரங்கள் எவ்வளவு கொட்டை உதிர்த்தன என்பதைப் பொறுத்தது. இதில் நான் கெட்டிக்காரன். பீற்றிக்கொள்வதற்காகச் சொல்லவில்லை. நெச்சஸ் ஆறு நெடுக நிலம் வைத்திருப்பவர்கள், நாய் ஓட்டலாமா, விட்டுவைக்கலாமா என்று ஆல்டனைக் கேள் என்பார்கள். ஓட்டு என்று சொன்னதைவிட, சும்மா விடு என்று சொன்னதில்தான் எனக்கு நல்ல பெயர்.

ஆனால் ஒன்று. நெருக்கினால் பன்றி இடம் மாறும் என்று தெரிந்தவனுக்கு, எங்கே நெருக்கினால் எங்கே போகும் என்பதும் தெரியும். வாய்க்காலில் மண்வெட்டியால் மடை திருப்புவது மாதிரிதான். நாய் வைத்திருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். வெளியே பேசமாட்டோம்.

வெர்னா, ராய்ஸின் தங்கை. கணவன் ஹார்லன் டிராக்டரில் உட்கார்ந்தபடியே மாரடைப்பில் போனபிறகு, ஆற்றோரத்து வள்ளிக்கிழங்கு நிலத்தைத் தனியாகப் பார்த்துக்கொண்டாள். ஹூஸ்டனில் இருக்கும் மகள், விற்றுவிட்டு இங்கே வந்துவிடு என்று நச்சரித்துக்கொண்டே இருந்தாள். வள்ளிக்கிழங்கு பன்றிக்குக் கல்யாணச் சாப்பாடு. வரிசையின் இந்த முனையில் மூக்கை வைத்தால் அந்த முனையில்தான் எடுக்கும். ஹார்லன் இறந்த அந்த வருஷமே அவள் எங்களைக் கூப்பிட்டாள். ராய்ஸும் நானும் மீசை முளைப்பதற்கு முன்பிருந்தே சேர்ந்து நாய் வளர்ப்பவர்கள். தங்கை அழுதாள் என்று ராய்ஸ் ஓயவே இல்லை. ஓய்வு கொடுக்கவேண்டும் என்ற என் பேச்சையும் கேட்கவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க, சனிக்கிழமை தவறாமல் போனோம்.

வேலை முடிந்ததும் அவள் சமையலறையில் சாப்பாடு. சுடச்சுட மெத்தென்ற பிஸ்கட் ரொட்டி, அதன் மேல் ஊற்றிக்கொள்ள சாஸேஜ் போட்ட வெள்ளைக் குழம்பு. பூட்ஸ் கழற்றி வைப்பதற்காகக் கதவருகே ஒரு பழைய மிதியடியைப் போட்டிருந்தாள். அது எனக்காகப் போட்டது. ராய்ஸ் சேற்றோடு உள்ளே போய்த் திட்டு வாங்குகிறவன். எனக்கு வீட்டில் யாரும் இல்லை. இருந்தவள் கிளம்பிப் போய் ரொம்ப நாளாகிவிட்டது. அவளைக் குறை சொல்வதற்கில்லை. உங்களோடு வாழ நான் நாயாகப் பிறந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

வசந்தம் வந்தபோது வெர்னாவின் நிலத்தில் பன்றியே இல்லை. அவ்வளவு நெருக்கியிருந்தோம். போனும் அடிக்கவில்லை. ஒருநாள் தபால் ஆபீஸ் வாசலில் பார்த்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க புண்ணியத்துல இந்த வருஷம் ஒரு கிழங்குகூடப் போகல" என்றாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து டின் பீன்ஸைச் சூடாக்கி, நின்றுகொண்டே சாப்பிட்டபோது அவ்வளவு சந்தோஷமாக இல்லை.

அடுத்த இலையுதிர்காலத்தில் கெச்சம் தோப்போரமாக நாய்களை அவிழ்த்தேன். வேலிக்கு இந்தப் பக்கம் அவிழ்ப்பேன், நாய்கள் தானாகத் தாண்டும். எதையும் பிடிப்பதற்காக இல்லை, சும்மா ஒரு கலக்கு. கலங்கிய பன்றிக்குப் போக ஒரே வழி ஓடைதான், ஓடை வெர்னாவின் நிலத்தில் போய் முடிகிறது. அந்த வாரமே போன் வந்தது. இந்தப் புகாரின் கதை இதுதான். கெச்சம் நல்ல மனிதர், அவர் தோப்பில் பன்றியே இல்லாமல் போனதற்கு எனக்கு நன்றிதான் சொல்லவேண்டும்.

பிறகு இன்னும் கொஞ்சம் செய்தேன். பிடித்த ஆண்பன்றியை விடுவது எங்கள் பக்கத்தில் வழக்கம். விதையை எடுத்துவிட்டு, காதில் அடையாளமாக ஒரு வெட்டு வைத்து விட்டுவிடுவோம். வாடை போய்க் கொழுத்து, அடுத்த வருஷம் நல்ல கறியாகும். பெண்பன்றியை மட்டும் யாரும் விடமாட்டார்கள், அதுதானே குட்டி போடுகிறது. ராய்ஸ் கட்டிக் கொடுப்பான், நான் கசாப்புக் கடைக்குக் கொண்டுபோகிறேன் என்று ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு கிளம்புவேன். பழைய மரப்பாலம் வழியாகச் சுற்றி, வெர்னாவின் நிலத்துக்கே பின்பக்கமாக வந்து, ஓடைக்கரையில் கட்டை அவிழ்த்துவிடுவேன். எல்லாவற்றையும் இல்லை. குட்டி வயிற்றில் இருப்பவற்றை மட்டும்.

அளவுதான் முக்கியம், தம்பி. பன்றி ரொம்பக் குறைந்தால் அவளுக்கு என் ஞாபகமே வராது. ரொம்பக் கூடினால் மகள் பேச்சைக் கேட்டுவிடுவாள். ஒரு வருஷம் எனக்குக் கணக்குத் தப்பிவிட்டது. மழை அதிகம், ஆறு பெருகி எல்லாப் பன்றிகளும் மேட்டிலிருந்த அவள் வயலுக்கே ஏறிவிட்டன. பின்பருவத்துக் கிழங்கு முழுக்கப் போயிற்று. ஒருநாள் காலையில் போனால், வாசலில் விற்பனைக்கு என்று பலகை நட்டிருந்தாள். அன்றைக்கே நாய்களை ஏற்றிக்கொண்டு வந்தேன். ஒரு நாள் விடாமல், ராய்ஸ் வராத நாளிலும் தனியாகப் போய், உடம்பெல்லாம் முள் கிழித்துக்கொண்டு நாய் ஓட்டினேன். ஒரு நல்ல நாயைக்கூட அதில் இழந்தேன். கடைசியில் பலகையைப் பிடுங்கி அடுப்புக்கு வைத்தாள். அன்றைக்கு மேஜையில் என் எதிரே உட்கார்ந்து, "நீங்க மட்டும் இல்லன்னா நான் என்னைக்கோ போயிருப்பேன்" என்றாள். அந்த நிலத்தில் அவளை இருக்கவைத்தது நான்தான். அதை யாரும் மறுக்கமுடியாது.

ராய்ஸைப் பற்றிச் சொல்கிறேன். பெரிய உடம்பு, கேலிப் பேச்சு, கடன் கேட்டால் சட்டைப்பையைத் திருப்பிக் காட்டிக்கொண்டே கொடுக்கிற கை. காது மட்டும் போய்விட்டிருந்தது. மரம் அறுக்கும் ஆலையில் வேலை செய்த காது. முழுக்கச் செவிடு இல்லை. கனத்த சத்தம் கேட்கும், கீச்சுச் சத்தம் கேட்காது. நாய் குரைப்பது கேட்கும், பன்றி வீறிடுவது கேட்காது. காதில் மாட்டும் கருவியை வேட்டைக்குப் போகும்போது வண்டியில் வைத்துவிடுவான், வியர்வையில் கெட்டுவிடும் என்று.

எங்கள் வேலையில் அது பெரிய குறை. பன்றியைக் கண்டுபிடித்து மறித்து நிற்பது ஒருவகை நாய். அது சுற்றி நின்று குரைக்கும், கடிப்பது அபூர்வம். அந்தக் குரைப்பை வைத்து நாங்கள் கிட்டே போய், பிடிநாயை அவிழ்த்துவிடுவோம். டீக்கன் பிடிநாய். நேராகப் போய்க் காதைக் கவ்வினால் பன்றியால் தலையைத் திருப்பமுடியாது. அந்த நொடியில் பன்றி வீறிடும். அந்த வீறிடல்தான் எங்களுக்கு உத்தரவு. அதைக் கேட்டபிறகுதான் ஒருவன் பின்பக்கமாகப் புகுந்து, பின்னங்கால்களைப் பிடித்துக் கவிழ்ப்பான். புதர் அடர்த்தியில் ஒன்றும் தெரியாது, எல்லாம் காதை நம்பித்தான். பின்னால் போவது எப்போதும் ராய்ஸ், பலசாலி அவன். நான் முன்பக்கம் டீக்கனோடு நிற்பேன். டீக்கன் கவ்வியதும், "பிடிச்சிட்டான்" என்று அடித்தொண்டையில் கத்துவேன். அது அவனுக்குக் கேட்கும். உடனே போவான். ஒரு தடவைகூடத் தயங்கியதில்லை. அவனுடைய காது நான்தான்.

சென்ற பிப்ரவரி வாக்கில், குளிர் விடும் சமயம், ராய்ஸ் தனியாக வெர்னாவின் ஓடைப் பக்கம் போயிருக்கிறான். அங்கே ஒரு பெண்பன்றி, பின்னால் குட்டிகள். இடது காது இரண்டாகக் கிழிந்தது. அந்தக் காதைக் கிழித்தது என் நாய் சூசி. அந்தப் பன்றியைக் கட்டி என் ட்ரெய்லரில் தூக்கிப் போட்டது ராய்ஸ். அதை அறுத்த கறி என்று நான் அவனுக்கு ஒரு பொட்டலம்கூடக் கொடுத்திருந்தேன்.

நேராக என் வீட்டுக்கு வந்தான். இதோ, நீங்கள் உட்கார்ந்திருக்கிற அதே நாற்காலியில் உட்கார்ந்தான். கத்தவில்லை.

"நான் தின்ன பன்னி குட்டி போட்டுருக்குடா" என்றான்.

மறுத்துப் பார்த்தேன். அவன் தன் இடது காதைப் பிடித்து, பன்றிக்குக் கிழிந்திருந்த இடத்தைக் காட்டினான். பிறகு நிலத்துக்கு ஓய்வு, நெருக்குதல், விதைக்குக் கொஞ்சம் மிச்சம் வைக்கவேண்டும், பன்றியே இல்லாமல் போனால் நம் நாய்கள் எதற்கு என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். எல்லாமே நியாயமான பேச்சு, இப்போதும் எந்த நாய்க்காரனிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ராய்ஸ் சிரித்துவிட்டான்.

"நிலமாவது மண்ணாவது. பிஸ்கட்டுக்காகச் செஞ்சிருக்கடா நீ." கொஞ்ச நேரம் தொப்பியைத் திருப்பிக்கொண்டிருந்தான். "கூச்சப்படாம கேட்டிருந்தா அவ சும்மாவே போட்டிருப்பா. என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கா தெரியுமா, சனிக்கிழமை இல்லாத நாள்ல ஆல்டன் ஏன் இந்தப் பக்கமே வர்றதில்லன்னு."

அவன் என்னைத் திட்டியிருக்கலாம், அடித்திருக்கலாம். அதைத் தாங்கியிருப்பேன். இதைச் சொல்லியிருக்கவேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வெர்னா வீட்டில் சாப்பாடு. அங்கே வைத்து நானே அவளிடம் சொல்லவேண்டும் என்றான். "நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன். ஆனா நீயே சொல்லிரு. உன் வாயால வந்தா அவ மன்னிச்சாலும் மன்னிப்பா." பிறகு பெரிய வலைக்கூண்டு வைத்து மொத்தப் பன்றியையும் ஒரேயடியாக எடுத்துவிடுவது என்றும் சொன்னான். கிளம்பும்போது வழக்கம்போல, சனிக்கிழமை எத்தனை மணிக்கு என்று கேட்டான். அவ்வளவு நடந்த பிறகும், சனிக்கிழமை என்னோடு நாய் ஓட்ட வருவதில் அவனுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அப்படிப்பட்டவன்.

அந்தச் சனிக்கிழமை எதையும் முடிவு செய்துகொண்டு நான் போகவில்லை. இதை நீங்கள் நம்பவேண்டும்.

ஓக் மரங்கள் இருக்கும் வெட்டவெளியில் ஓட்டலாம் என்று ராய்ஸ் சொன்னான். ஆற்று வளைவில் இருக்கும் முள்புதருக்குப் போகலாம் என்றேன். அங்கே ஒரு பெரிய ஆண்பன்றி உண்டு. விதை எடுக்காமல் நான் விட்டுவைத்திருந்த ஒரே பன்றி. கோரைப்பல் விரல் நீளத்துக்கு வெளியே வளைந்திருக்கும். மறிப்பதற்கு எப்போதும் மூன்று நாய்கள் கொண்டுபோவோம், முகத்துக்கு நேரே நின்று பன்றியை அசையவிடாமல் வைப்பவள் சூசி. சூசிக்குக் காலில் முள் குத்தியிருக்கிறது என்று சொல்லி அவளை வண்டிக் கூண்டிலேயே விட்டுவிட்டேன். முள் இல்லை. ராய்ஸ் கருவியைக் கழற்றி, சட்டைப்பையிலிருந்த கைக்குட்டையில் சுற்றி, வண்டியின் முன்பெட்டியில் வைத்தான். அவன் மறந்தால் நான் ஞாபகப்படுத்துவது வழக்கம். அன்று நான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

நாய்கள் சீக்கிரமே மறித்துவிட்டன. நல்ல கனத்த குரைப்பு. ராய்ஸ் என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பின்பக்கமாகச் சுற்றிப் போனான். நான் முன்பக்கம் போய் மண்டியிட்டேன். புதர் இடுக்கில் பன்றியின் முகம் தெரிந்தது. டீக்கன் நடுங்கிக்கொண்டிருந்தான், போகவேண்டும் என்று. பட்டையைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தேன். பொறுமையாக, ராய்ஸ் அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை பொறுமையாக இருந்தேன். அவன் தவழ்ந்து வந்து நிற்பது, இலை அசைவதில் தெரிந்தது.

"பிடிச்சிட்டான்" என்று கத்தினேன்.

டீக்கன் என் கையில்தான் இருந்தான்.

ராய்ஸ் போனான். தயங்கவே இல்லை. பின்னங்காலைப் பிடித்திருக்கிறான், பன்றி முழு உடம்போடு திரும்பியது. சூசி இல்லாததால் முன்னே அதைத் தடுக்க யாரும் இல்லை. எனக்குக் கேட்டது ஒரே ஒரு முறை அவன் மூச்சுவிட்ட சத்தம்தான். அதற்குப் பிறகு டீக்கனை விட்டேன். அவன் நேராகப் போய்க் காதைக் கவ்வினான். நான் கத்தி வைத்துப் பன்றியை முடித்து, விடு என்று சொல்லும்வரை வாயைத் திறக்கவில்லை. சரியான பிடி. அவன் கொஞ்சம் முன்னால் போயிருந்தால் ராய்ஸுக்கு ஒரு கீறல்கூட இருந்திருக்காது.

தொடையின் உட்பக்கம், கவட்டை ஒட்டி, ஆழமாகக் கிழித்திருந்தது. இடுப்பு பெல்ட்டைக் கழற்றி இறுக்கிக் கட்டினேன். நன்றாகவே கட்டினேன், டாக்டரும் பிறகு அப்படித்தான் சொன்னார். ஆனால் அது பெல்ட் எட்டாத இடம். ஆற்று வளைவில் போன் எடுக்காது, உங்களுக்கே தெரியும். அவன் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். வலிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. குழந்தை கணக்குப் புரியாமல் பார்ப்பதுபோல என் முகத்தைப் பார்த்தான்.

"பிடிச்சிட்டான்னு சொன்னியேடா" என்றான். கோபமாக இல்லை. கேட்கத்தான் கேட்டான்.

அவனுக்குக் கேட்கவேண்டும் என்று காதருகே குனிந்து, "பிடிய விட்டுட்டான்டா" என்றேன்.

அவன் நம்பினான். தலையைக் கொஞ்சம் திருப்பி டீக்கனைத் தேடினான். வாயெல்லாம் பன்றி ரத்தத்தோடு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது நாய். "பாவம். அவனை அடிச்சிராத" என்றான் ராய்ஸ். அதன்பிறகு பேசவில்லை.

எனக்குக் குற்ற உணர்ச்சி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அதோடுதான் எழுந்திருக்கிறேன், அதோடுதான் படுக்கிறேன். ராத்திரியில் நாய் குரைத்தால் விளக்கைப் போட்டுவிட்டு விடியும்வரை உட்கார்ந்திருக்கிறேன். வேட்டை நாய் வைத்திருப்பவனுக்கு இதைவிட என்ன தண்டனை. பன்றி வீறிடாத அந்த இடைவெளி, நான் கத்தியதற்கும் அவன் போனதற்கும் நடுவில் இருந்த அந்த அமைதி, அதுதான் தினமும் என் காதில் கேட்கிறது. ராய்ஸுக்குக் கேட்காததெல்லாம் இப்போது எனக்குக் கேட்கிறது.

சவ அடக்கத்தன்று ஊரே சாப்பாடு கொண்டுவந்து வெர்னாவின் மேஜையை நிரப்பியது. எல்லோரும் என் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் விடாமல் நாயைத் திட்டினார்கள். வெர்னா மட்டும் திட்டவில்லை. என்னிடம் வந்து, "கடைசில அண்ணன் ஏதாவது சொன்னானா?" என்று கேட்டாள். டீக்கனை அடிக்கவேண்டாம் என்று சொன்னான் என்றேன். அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், பிறகு அழுகையோடு சிரித்தாள். "அவன் அப்படித்தான் சொல்லுவான்" என்றாள். வெளியே போய், வண்டியடியில் கிடந்த இவனுக்கு ஒரு துண்டு ஹாம் கறி போட்டுவிட்டு வந்தாள்.

அதன்பிறகு போகாமல்தான் இருந்தேன். அவளே கூப்பிட்டாள். கிழங்கு வயலில் பன்றி இறங்கிவிட்டது, என்ன செய்யலாம் என்று. கிழிந்த காதுக்காரியின் குட்டிகள், இப்போது நன்றாக வளர்ந்திருக்கும். சனிக்கிழமைதோறும் போகிறேன். மேஜையில் இப்போது இரண்டு தட்டுதான். ராய்ஸின் நாற்காலியைச் சுவரோரமாகப் போட்டுவிட்டாள். போன வாரம் காப்பி ஊற்றும்போது சொன்னாள், "அண்ணனும் இல்ல, ஹார்லனும் இல்ல. இந்த மண்ணுல இனிமே எனக்குன்னு இருக்கிறது நீங்கதான், ஆல்டன்." நாய் ஓட்டலாமா, கொஞ்சம் ஓய்வு விடலாமா என்று அதற்குப் பிறகு கேட்டாள். ஓய்வு விடலாம் என்றேன். நீங்க சொன்னா சரி என்றாள்.

கையெழுத்துப் போடவேண்டிய இடத்தைக் காட்டுங்கள், போடுகிறேன். என் நண்பனை நான்தான் கொன்றேன், நாய் இல்லை. இதை ஊரில் சொல்லுங்கள், முக்கியமாகத் தீவனக் கடையில் சொல்லுங்கள். டீக்கனை நல்ல இடத்தில் விடவேண்டும். உங்கள் காலை விட்டு நகரமாட்டேன் என்கிறான், உங்களுக்கு இடமிருந்தால் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.

ஒரே ஒரு உதவி, தம்பி. வெர்னாவிடம் எப்படியும் சொல்லியாக வேண்டும், எனக்குத் தெரியும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிவிடாதீர்கள். ராய்ஸ் விஷயத்தை முதலில் சொல்லுங்கள். பிறகு கொஞ்ச நாள் விடுங்கள். தூங்கட்டும், சாப்பிடட்டும், மூச்சு வாங்கட்டும். பன்றி விஷயத்தைக் கிழங்கு தோண்டி முடித்தபிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம். ஒரேயடியாக நெருக்கினால் அந்த நிலத்தை விட்டே போய்விடுவாள். எவ்வளவு தாங்குவாள் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருஷமாக அவளைப் பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்டிருந்தது நான்தானே.